உத்தியோகமும் ஓய்வும்: கலாயோகி காட்டிய வழி

உழைப்பவனுக்கே ஓய்வின் அருமை தெரியும். ஆயினும், கிடைத்த ஓய்வை என் செய்வது என்ற வினாவிற்கு விடை காண்போர் சிலரே. "நேரமில்லை" என்பதே எம்மிற் பலரின் மறுமொழி. பெரும் பதவியொன்றின் பாரத்தைச் சுமந்துகொண்டே, கண்டி மலைநாட்டின் கலைமரபை ஏட்டிற் பதித்து வைத்த தமிழ்மகன் ஒருவரின் வரலாற்றை இங்கு நினைவுகூர விரும்புகிறோம். அவரே கலாயோகி ஆனந்த குமாரசுவாமி.

1877ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22ஆந் திகதி கொழும்பிற் பிறந்தவர் அவர். தந்தையார் சேர் முத்து குமாரசுவாமி. தாயார் ஆங்கில மாது. 1879இல் தந்தையார் காலமாகவே, இங்கிலாந்தில் வளர்ந்து, இலண்டனில் நிலவியலும் தாவரவியலும் பயின்றார். 1903இல் இலங்கைக் கனிப்பொருள் ஆராய்ச்சிப் பகுதியின் தலைவரானார். மலைகளில் ஏறி இறங்கிப் பாறைகளைச் சோதிப்பதும் அறிக்கை வரைவதுமே உத்தியோகம். அதில் அவர் குறை வைத்தாரில்லை. 1904இல் தோரியனைற்று என்னும் புதிய கனிப்பொருளை இனங்கண்டார். 1906இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு விஞ்ஞான கலாநிதிப் பட்டம் வழங்கியது.

கல்லைத் தேடிச் சென்ற கிராமங்களில் அவர் கண்ணிற் பட்டதோ வேறு செல்வம். மரம் செதுக்குவோர், உலோகம் வார்ப்போர், பாய் இழைப்போர், சித்திரம் தீட்டுவோர் ஆங்காங்கே இருந்தனர். 1815இல் கண்டியரசு வீழ்ந்தபின் அவர்களை ஆதரிக்க அரசவை இல்லை. பிறநாட்டுச் சரக்குகள் சந்தையை நிறைத்தன. முதியவர் மறைந்தால் அவர் கைமுறையும் மறையும் என்பதை உணர்ந்த குமாரசுவாமி, அலுவல் ஒழிந்த வேளைகளில் அவர்களிடம் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். துணைவியார் எதெல் புகைப்படம் எடுத்து உதவினார். சிங்களக் கைவினைஞரின் திறமையைத் தமிழர் ஒருவர் இவ்வாறு போற்றி எழுதியது, இரு இனத்தவரும் அருகருகே வாழும் எம்மூரவர் மறக்கலாகாத செய்தியாகும்.

1906இன் முடிவில் பதவிக்காலம் நிறைவுற்றது. இங்கிலாந்து திரும்பி, வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அச்சியந்திரத்திலேயே தம் நூலை அச்சிட்டார். 'இடைக்காலச் சிங்களக் கலை' எனும் பொருள்படும் பெயருடன், 1908இல் 425 பிரதிகளாக அது நிறைவெய்தியது. அவருடைய பாறை அறிக்கைகளை இன்று நாடுவோர் சிலர்; ஓய்வில் விளைந்த இந்நூலை நாடுவோர் பலர்.

இந்தியாவிலும் இதற்கு இணை உண்டு. சி. வி. இராமன் 1907இல் கல்கத்தாவில் நிதித்துறை உத்தியோகத்தில் அமர்ந்தார். அலுவலகம் செல்லுமுன்னும் திரும்பிய பின்னும் விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் ஆய்வுகூடத்தில் உழைத்தார். 1930இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

"அவர்கள் வசதியுள்ளோர், கொழுந்து பறித்து வீடு திரும்பி அடுப்பு மூட்டும் தாய்மாருக்கு ஓய்வேது?" எனப் பெரியோர் வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. களைத்த உடலுக்கு உறக்கமே முதல் ஓய்வு. அதனைக் குறை கூறுவார் மூடர். வீட்டுப் பாரத்தை ஆடவரும் பகிர்ந்துகொண்டாற்றான் அத்தாய்மாருக்கும் ஒரு நாழிகை மிஞ்சும்.

நாம் பேசுவது எம்போன்ற இளைஞரின் ஓய்வைப் பற்றியே. கொழும்பிலும் கண்டியிலும் தொழில் புரிந்து, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வத்தேகம புகையிரத நிலையத்தில் வந்திறங்குகிறோம். அந்நாட்களிற் பெரும்பகுதி கைத்தொலைபேசியோடு கழிகின்றது. மிஷன் பாடசாலையில் ஆங்கில மன்னரின் வரிசையை மனனஞ் செய்த நாம், எம் பாட்டனார் எத்தோட்டத்தில் முதலிற் பேர்பதிந்தார் என்பதை அறிவோமா? காமன் கூத்துப் பாடல்களை முழுமையாக அறிந்தவர் எத்தனை பேர் எஞ்சியுள்ளனர்?

இதற்கு வழிகாட்டியும் மலையகத்திலேயே உண்டு. 1914இல் மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தொழிற்சங்கப் பணிகளுக்கிடையே தோட்டத்து மக்களின் பாடல்களைத் திரட்டி வைத்தார்.

ஆதலின், ஒவ்வொரு விடுமுறையிலும் ஒரு முதியவரிடம் ஒரு மணி நேரம் அமர்வோமாக. கைத்தொலைபேசியே அவர் குரலைப் பதியட்டும். கொப்பியொன்றில் அவர் சொல்லை நாம் எழுதுவோம். குமாரசுவாமி காலத்துக் கைவினைஞரைப் போன்றே, எம் முதியோரும் நெடுநாள் காத்திரார்.