கிரனாடாப் பெண்களின் உடை: படமும் ஆணையும்

பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உடைநூல்கள் என்றொரு நூல்வகை பெருகியது. நியூரம்பர்க்கில் 1577இல் ஹான்ஸ் வைகல், பாதுவாவில் 1589இல் பியெத்ரோ பெர்தெல்லி, வெனிசில் 1590இல் சேசரே வெச்செல்லியோ ஆகியோர் இத்தகைய நூல்களை வெளியிட்டனர். 1586இல் யோஸ்ட் அம்மானின் படங்களோடு பெண்களின் உடைகளுக்கென்றே ஒரு நூல் ஃபிராங்க்ஃபர்ட்டில் வந்தது. மரக்கட்டையிலோ செப்புத்தகட்டிலோ செதுக்கி அச்சிட்ட உருவங்கள் அவை. உருவத்தோடு ஊரும் சமூகத் தகுதியும் குறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பெண் யார் என்பது பெரும்பாலும் இராது.

இப்படங்களை அழகு பார்ப்பதோடு நாம் நின்றுவிட முடியாது. கிரனாடாவை எடுத்துக்கொள்வோம். 1492இல் அந்நகரம் காஸ்தீல் அரசின் வசமானது. பத்தாண்டுகளுக்குள் அங்கிருந்த முஸ்லிம்கள் வலுக்கட்டாயமாகக் கிறித்தவராக்கப்பட்டு, மொரிஸ்கோக்கள் எனப்பட்டனர். 1529இல் ஸ்பெயின் சென்ற ஜெர்மானியக் கலைஞர் கிறிஸ்டோஃப் வைடிட்ஸ், மொரிஸ்கோ பெண்கள் நூல் நூற்பதையும் வீடு பெருக்குவதையும் வரைந்தார். 1560களில் யோரிஸ் ஹூஃப்நாகல் கிரனாடாவை வரைந்தபோதும் அப்பெண்களைச் சேர்த்தார்.

வேற்றூர் ஓவியர்க்கு விருந்தாக இருந்த அதே உடை அரசுக்குக் குற்றமாயிற்று. 1567இல் இரண்டாம் பிலிப்பின் ஆணை அரபு மொழியையும் மொரிஸ்கோ உடையையும் முகத்திரையையும் தடைசெய்தது. பட்டாடையை உடுத்தித் தீர்க்க ஓராண்டும், கம்பளி ஆடைக்கு ஈராண்டும் தவணை.

முதியவரான பிரான்சிஸ்கோ நூன்யெஸ் முலே எதிர்த்து மனு எழுதினார். இது மதத்தின் உடையல்ல, வட்டாரத்தின் உடை. காஸ்தீலின் பிற மாகாணங்களுக்குத் தத்தம் உடை இருப்பதுபோல எங்களுக்கும் உண்டு என்பது அவர் வாதம். இருக்கும் துணிமணியை எறிந்துவிட்டுப் புதிது வாங்க ஏழைப் பெண்கள் எங்கே போவார்கள் என்றும் கேட்டார். ஆண்கள் ஏற்கெனவே காஸ்தீல் உடைக்கு மாறிவிட்டார்கள், அதனால் அவர்களுக்குக் கிடைத்த மதிப்பு என்ன என்றும் கேட்டார்.

மனு எடுபடவில்லை. 1568இல் கிளர்ச்சி வெடித்தது. அது நசுக்கப்பட்டு, 1570இல் மொரிஸ்கோக்கள் கிரனாடாவிலிருந்து விரட்டப்பட்டனர். ஹூஃப்நாகலின் கிரனாடாக் காட்சிகளைத் தாங்கிய நகரப்பட நூல் 1572இல்தான் கொலோனில் வெளிவரத் தொடங்கியது. வாங்கியவர்கள் அந்த உடையைப் பார்த்து வியந்தபோது, அதை உடுத்தியவர்கள் அவ்வூரில் இல்லை. 1609 முதல் 1614 வரை ஸ்பெயினிலிருந்தே அவர்கள் வெளியேற்றப்பட்டனர்.

எதை உடுத்தலாம் என்று பிறர் தீர்ப்பெழுதிய வரலாறு நமக்குப் புதிதல்ல. ஆகவே, உடைப்படம் ஒன்றைக் காணும்போது அதன் அருகே அக்காலத்து ஆணையையும், ஆணைக்கு எதிராக எழுதப்பட்ட மனுவையும் வைத்துப் படிக்க வேண்டும். படத்தில் பேசாமல் நிற்பவர்களின் வழக்கு அந்த மனுவில்தான் இருக்கிறது.