பேராசிரியருக்குப் பாடம் சொன்ன மாணவர்

நம் பிள்ளைகளில் டாக்டருக்கும் நர்ஸிங்கும் பார்மஸியும் படிப்பவர்கள் இப்போது நிறையப் பேர். அவர்களுக்காக ஒரு பழைய வரலாறு.

1919. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகம். பேராசிரியர் ஜார்ஜ் டாக் தம் மருத்துவ மாணவர்களை ஒரு பிரேதப் பரிசோதனைக்கு அழைத்தார். இறந்தவருக்கு நுரையீரல் புற்றுநோய். இவ்வளவு அபூர்வமான நோயை நீங்கள் மறுபடி பார்க்கவே மாட்டீர்கள் என்றாராம். அங்கே நின்ற மாணவர்களில் ஒருவர் ஆல்டன் ஓக்ஸ்னர். பல ஆண்டுகள் அவர் கண்ணில் அந்த நோய் படவில்லை. 1936-இல் ஆறே மாதத்தில் ஒன்பது நோயாளிகள் வந்தார்கள். அத்தனை பேரும் முதல் உலகப் போர்க் காலத்தில் சிகரெட் பழகிய ஆண்கள். அவருக்குப் பொறி தட்டியது.

ஆனால் அதே பல்கலைக்கழகத்தின் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் எவார்ட்ஸ் கிரஹாம் இதை நம்பவில்லை. 1933-இல் புற்றுநோய் கண்ட ஒரு நுரையீரலை முழுதாக அகற்றி, நோயாளியைப் பிழைக்க வைத்த மேதை அவர். சிகரெட்டும் நிறையப் பிடிப்பார். எர்ன்ஸ்ட் வைண்டர் என்ற மாணவர் நோயாளிகளிடம் புகைப்பழக்கம் பற்றி விசாரிக்க விரும்பியபோது, சந்தேகத்தோடுதான் சம்மதித்தார். 684 நோயாளிகளின் விவரத்துடன் இருவர் பெயரிலும் 1950-இல் கட்டுரை வெளிவந்தது. ஆண் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் நெடுநாள் சிகரெட் பிடித்தவர்கள். மாணவர் சொன்ன பாடத்தைப் பேராசிரியர் ஏற்றார், சிகரெட்டையும் விட்டார். ஆனால் காலம் கடந்துவிட்டது. 1957-இல் அதே நோய் அவரைக் கொண்டுபோனது.

இத்தனைக்குப் பிறகும் வகுப்பறையில் ஒரு குறை இருந்தது. உலக சுகாதார நிறுவனம் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து 2005 முதல் பல நாடுகளில், மருத்துவம், பல் மருத்துவம், செவிலியம், மருந்தியல் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் கேட்டது. புகையிலையை விடவைக்கும் பயிற்சி வேண்டும் என்றவர்கள் பெரும்பாலோர். அதைப் பெற்றவர்களோ கொஞ்சம் பேர்.

கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் மட்டும் பிள்ளைக்கு வராது, அவன் கையால் போட வேண்டும். புகையிலை கெடுதல் என்பது பாக்கெட்டிலேயே இருக்கிறது. நோயாளியிடம் எப்படிக் கேட்பது, விடுவதற்கு எப்படித் துணை நிற்பது என்பதுதான் பழகிப் படிக்க வேண்டிய பாடம்.

ஆகவே பிள்ளைகளே, உங்கள் ஆசிரியர்களிடம் அந்தப் பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள். பீடி, சிகரெட்டோடு வாயில் அடக்கும் புகையிலையையும் சேர்த்து நோயாளியிடம் விசாரியுங்கள். திட்டாதீர்கள். விடுவதற்கு ஒரு நாள் குறிக்கச் சொல்லுங்கள், மறுபடி வரும்போது மறக்காமல் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்