பச்சைக்குதிரையும் மரக்குதிரையும்

குழந்தைக்குக் குதிக்கக் கத்துக்கொடுக்கணுமா, அது தானா வராதா? இன்னைக்கு எபிசோட் இந்தக் கேள்வியைப் பத்திதான்.

சீயமங்கலத்துல இருந்து ஆரம்பிப்போம். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயில் அங்கே இருக்கு. அதன் தூண் ஒன்றில் ஒரு சின்ன ஆடல்வல்லான் சிற்பம், தமிழ்நாட்டின் மிகப் பழைய நடராசர்களில் ஒன்று. அந்த நிலைக்குப் பெயர் புஜங்கத்ராசிதம். பாம்பைப் பார்த்துத் திடுக்கிட்டவர் மாதிரி சட்டுனு காலைத் தூக்குறது. இந்தத் துள்ளலை யாரும் சொல்லித்தர வேண்டாம், உடம்பே செஞ்சிடும். ஆனா குதிச்ச பிறகு கீழே வந்து விழாம நிக்கணுமே? பாடம் அங்கதான் இருக்கு.

அதே வட்டாரத்துல இருக்கு செஞ்சிக்கோட்டை. உள்ளே போனா, 'உடற்பயிற்சிக்கூடம்'னு ஒரு கட்டடத்தைக் காட்டுவாங்க. கோட்டைக்குள்ள பயிற்சின்னா அது போர்வீரனுக்குத்தான். உலகத்துல பல இடத்துல குதிக்கிற பயிற்சி இப்படித்தான் வளர்ந்திருக்கு. ரோமப் படையில் புதுசா சேர்ந்தவர்கள் மரக்குதிரை மேல் தாவி ஏறிப் பழகினார்கள் என்று வெஜிஷியஸ் எழுதியிருக்கிறார். 1811ல் பெர்லினுக்கு வெளியே யான் என்பவர் திறந்தவெளிப் பயிற்சி மைதானம் தொடங்கினார். நெப்போலியனை எதிர்க்க இளைஞர்களைத் தயார் பண்றதுதான் அவர் நோக்கம். மரக்குதிரை ஐரோப்பியப் பள்ளிக்கூடங்களுக்குள்ளயும் பரவுச்சு. சிப்பாய்க்குச் செஞ்ச சாமான், பிள்ளைங்க தலையில வந்து விழுந்தது!

நம்ம ஊர்ல மரக்குதிரை எதுக்கு? ஒரு பையன் குனிஞ்சா போதும், அவன்தான் குதிரை. பச்சைக்குதிரையை நினைச்சுப் பாருங்க. முதல்ல அவன் கால் பெருவிரலைத் தொட்டு நிப்பான். எல்லாரும் தாண்டிட்டா கையைக் கணுக்காலுக்கு ஏத்துவான், அடுத்து முழங்காலுக்கு. குதிரை கொஞ்சம் கொஞ்சமா வளரும். தாண்ட முடியாதவன் அடுத்த குதிரை. எளிதிலிருந்து கடினத்துக்குப் போகணும்னு பி.எட். வகுப்புல சொல்றதை, தெருப்பிள்ளைங்க எந்தப் புத்தகமும் இல்லாம செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. பாண்டி இன்னும் நுட்பம்: ஒத்தைக்கால்ல இறங்கணும், கோட்டை மிதிக்கக் கூடாது. இறங்குறதுக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிஞ்சு இல்லை.

பள்ளிக்கூடத்துல மட்டும் டிரில். வரிசையா நில்லு, கையைத் தூக்கு, இறக்கு. 1920ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். உடற்கல்வி ஆசிரியரை உருவாக்குறதுக்குன்னே ஒரு கல்லூரி அது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கும் அவர்தான் மேலாளர். நீளம் தாண்டுதல்ல தலீப் சிங் கலந்துக்கிட்டது அந்த ஒலிம்பிக்லதான். பக் விளையாட்டு விதிகளைத் தொகுத்துப் புத்தகமாவும் போட்டார். டிரில்லுக்குப் பதிலா விளையாட்டுங்கிற எண்ணம் இங்க வேரூன்றியதில் அவர் பங்கு பெரிசு.

இன்னைக்கு? பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கிறாங்க. வீட்ல குதிச்சா கீழ்வீட்டுக்காரங்க மேல வர்றாங்க. தெருவுல பைக். ரெண்டு வயசுவாக்கில் ரெண்டு காலையும் சேர்த்துக் குதிக்க ஆரம்பிக்கிற குழந்தை, நாலு வயசுவாக்கில் ஒத்தைக்கால்ல தத்துது. அதுக்கப்புறம் வளர வேண்டியதுக்கு இடமே இல்லை.

உங்க வீட்ல சின்னப் பிள்ளை இருந்தா, மொட்டைமாடியில சாக்பீஸால ஒரு கோடு போடுங்க. கைப்பிடிச் சுவர்கிட்ட வேண்டாம், நடுவுல. முழங்காலை மடக்கு, கையைப் பின்னால வீசு, குதி. எவ்வளவு தூரம்னு கேக்காதீங்க. "பூனை மாதிரி, சத்தமே வராம இறங்கு பார்ப்போம்"னு மட்டும் சொல்லுங்க. கீழ்வீட்டுக்காரங்களும் சந்தோஷப்படுவாங்க.