வேகப் படத்தின் நெளிவு

எம்.ஆர்.ஐ.யில் ஒரு படம் எடுக்கவே நிமிடக்கணக்கில் ஆன 1977-இல், நாட்டிங்காம் பல்கலைக்கழகத்து இயற்பியலாளர் பீட்டர் மேன்ஸ்பீல்டு முழுப் படத்தையும் ஒரே மூச்சில் எடுக்கும் எக்கோ பிளானர் முறையை முன்வைத்தார். 2003-இல் பால் லாட்டர்பருடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் எக்கோ பிளானர் முறை 1977-க்குப் பிறகு மருத்துவமனைக்கு வரவே ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆயின. வந்தபோது படங்கள் நெளிந்திருந்தன.

நெளிவுக்குக் காரணம் அந்த வேகமேதான். எம்.ஆர்.ஐ. கருவி ஓர் அணுக்கரு இருக்கும் இடத்தை அதன் அதிர்வெண்ணை வைத்தே கணிக்கிறது. காற்றும் திசுவும் சந்திக்கும் இடங்களில், குறிப்பாக நெற்றி எலும்பின் காற்றறைகளுக்கு மேலும் காதுக்கு உள்ளும், காந்தப்புலம் சற்றே பிசக, அதிர்வெண்ணும் பிசகும். வழக்கமான முறையில் படத்தரவின் ஒவ்வொரு வரியும் புதிதாகத் தொடங்குவதால் இந்தப் பிசகு பெரிதாகத் தெரிவதில்லை. எக்கோ பிளானரிலோ வரிக்கு வரி பிழை சேர்ந்துகொண்டே போகும். 3 டெஸ்லா கருவியில் அரை மில்லிநொடிக்கு ஒன்றாக 64 வரிகள் எடுத்தால் மொத்தம் 32 மில்லிநொடி. அப்போது 31 ஹெர்ட்ஸ் பிசகினாலே புள்ளி ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். புலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாற்றம் என்பது 128 ஹெர்ட்ஸ், அதாவது நான்கு பிக்சல். பிக்சல் 3 மில்லிமீட்டர் என்றால் 12 மில்லிமீட்டர்.

1990-இல் செய்ஜி ஒகாவா குழுவினர் இரத்த ஆக்சிஜன் மாற்றத்தைப் படத்தில் காட்டினர். அதிலிருந்து மூளைச் செயல்பாட்டு ஆய்வு வளர்ந்தபின் இந்த 12 மில்லிமீட்டரைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மூளையின் ஒரு மடிப்பின் செயல்பாடு பக்கத்து மடிப்பின் கணக்கில் ஏறிவிடும்.

1995-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் பீட்டர் ஜெஸார்டும் ராபர்ட் பாலபனும் புலத்தின் பிசகையே அளந்து வரைபடமாக்கினர். வெவ்வேறு எதிரொலி நேரங்களில் இரு படங்கள் எடுத்து, அவற்றின் கட்ட வேறுபாட்டிலிருந்து ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு விலகியது என்று கணக்கிட்டுத் திருப்பி வைப்பது அவர்கள் வழி. கட்டம் 360 பாகையைத் தாண்டினால் மறுபடி சுழியிலிருந்து எண்ணப்படும் என்பதும், நோயாளி தலையை அசைத்தால் வரைபடம் பொருந்தாது என்பதும் அதன் தொல்லைகள்.

இதைவிடச் சாமர்த்தியமான வழி 1992-லேயே சாங், ஃபிட்ஸ்பாட்ரிக் இருவரும் வழக்கமான எம்.ஆர்.ஐ.க்காக எழுதிவைத்தது. படிக்கும் திசையைத் தலைகீழாக்கி இன்னொரு படம் எடுத்தால் நெளிவும் எதிர்த்திசையில் விழும். உண்மை இடம் இரண்டுக்கும் நடுவில். ஒன்றில் நசுங்கிய பகுதி மற்றதில் விரிந்திருக்கும். பல பிக்சல்கள் ஒன்றில் குவிந்தால் அவற்றை மீண்டும் பிரிக்கப் புலவரைபடத்தால் முடியாது. இங்கோ விரிந்த படம் அந்த விவரத்தைத் தருகிறது. 2003-இல் ஆண்டர்சன், ஸ்கார், ஆஷ்பர்னர் மூவரும் இதை நீர்ப்பரவல் எக்கோ பிளானர் படங்களுக்குப் பயன்படுத்தினர். ஆக்ஸ்ஃபோர்டு மென்பொருள் தொகுப்பில் ‘டாப்பப்’ என்ற பெயரில் அது ஆய்வகங்களின் அன்றாடக் கருவியானது.

திருத்துவதைவிடக் குறைப்பது மேல் என்போருக்கு, சூரிச்சில் புரூஸ்மன் குழு 1999-இல் வெளியிட்ட ‘சென்ஸ்’ முறை கைகொடுத்தது. பல வாங்கிச் சுருள்களை ஒருசேரப் பயன்படுத்தி வரிகளைப் பாதியாக்கினால் நெளிவும் பாதியாகும். குறிப்பலை அடியோடு அணைந்துபோன இடத்தை மட்டும் மேற்சொன்ன எந்தத் திருத்தக் கணக்கும் மீட்காது.

தலைகீழ்ப் படம் எடுக்காமல் விட்ட பழைய தரவுகள் ஏராளம். அவற்றுக்காக 2019-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நெளிவற்ற உடற்கூற்றுப் படத்தின் துணையோடு நெளிவில்லாத செயற்கைப் படம் ஒன்றை நரம்பணு வலையால் உருவாக்கி, அதையே டாப்பப்புக்கு இணைப்படமாகக் கொடுத்தனர்.