தாம்பரம் இரயில் நிலையம்

தாம்பரம் இரயில் நிலையம், சென்னை எழும்பூரிலிருந்து தென்மேற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், சென்னைக் கடற்கரை – செங்கற்பட்டு – விழுப்புரம் மார்க்கத்தில் அமைந்துள்ள பிரதான நிலையமாகும். தென்னக இரயில்வேயின் சென்னைக் கோட்டத்தைச் சார்ந்த இந்நிலையம், புறநகர் மின்சார வண்டிகளும் தென் மாவட்டங்களுக்குச் செல்லும் நெடுந்தொலைவு வண்டிகளும் கூடுமிடமாக விளங்குவதோடு, இருப்புப்பாதை எட்டாத முடிச்சூர், மணிமங்கலம், படப்பை, ஒரகடம் முதலிய மேற்குப்புற ஊர்களின் ஜனங்களுக்கு இரயில் வாசலாகவும் இருந்து வருகிறது.

அமைவிடம்

நிலையத்தின் வடக்கே தாம்பரம் சானடோரியமும் தெற்கே பெருங்களத்தூரும் அடுத்தடுத்த நிறுத்தங்களாகும். ஊரை இருப்புப்பாதை கிழக்குத் தாம்பரம், மேற்குத் தாம்பரம் என்று இரண்டாக வகுத்து நிற்கிறது. மேற்கே ஜி.எஸ்.டி. சாலை (கிராண்ட் சதர்ன் டிரங்க் சாலை) நிலையத்தை ஒட்டியே செல்ல, அதிலிருந்து முடிச்சூர்ச் சாலை பிரிந்து மண்ணிவாக்கத்தை அடைந்து, அங்கே வண்டலூர் – வாலாஜாபாத் சாலையோடு கலந்து படப்பைக்கும் ஒரகடத்துக்கும் வழிவிடுகிறது. கிழக்கே வேளச்சேரிச் சாலை சேலையூர், மேடவாக்கம் ஆகிய ஊர்களை நோக்கிப் போகிறது. தாம்பரத்தில் வேறெந்த இருப்புப்பாதையும் கிளை பிரிவதில்லை. ஆயினும் இத்தனை ஜனங்கள் இங்கே வண்டி மாறுவதற்குக் காரணம், நாற்புறமும் பிரியும் இச்சாலைகளேயாகும்.

வரலாறு

தென்னிந்திய இரயில்வே கம்பெனி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையையும் தூத்துக்குடியையும் மீட்டர் பாதையால் இணைத்த காலத்திலிருந்து, தெற்கே செல்லும் வண்டிகளெல்லாம் தாம்பரத்தைக் கடந்தே சென்றன. தனுஷ்கோடிவரை சென்று இலங்கைக்குப் போகும் பிரயாணிகளைக் கப்பலில் ஏற்றிவிட்ட புகழ்பெற்ற போட் மெயிலும் இவ்வழியாகவே ஓடிற்று.

1925ஆம் ஆண்டு பம்பாயில் பாரத தேசத்தின் முதல் மின்சார இரயில் ஓடத் தொடங்கிய பின், 1931ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார வண்டிகள் விடப்பட்டன. மீட்டர் பாதை மின்மயமாக்கப்பட்டது தேசத்திலேயே இதுவே முதன்முறையாகும். தொடக்கத்தில் 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்கிய இம்மார்க்கம், 1960களில் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாற்றப்பட்டு, மின்வசதி விழுப்புரம்வரை நீட்டிக்கப்பட்டது. அக்காலத்தில் ஜப்பானிலிருந்து வரவழைக்கப்பட்ட ‘யாம்-1’ என்னும் மீட்டர் பாதை மின்சார எஞ்ஜின்களைத் தாம்பரத்துப் பணிமனை பல்லாண்டுகள் பேணிக் காத்தது. 2004ஆம் ஆண்டு கடற்கரை – தாம்பரம் பகுதியும் அகலப்பாதையாக மாறி, எழுபது ஆண்டுகளுக்கு மேல் நடைபெற்ற மீட்டர் பாதை மின்சார வண்டிச் சேவை முற்றுப்பெற்றது.

நிலையமும் ஊரும்

மின்சார வண்டி வருமுன் தாம்பரம் நகரத்தாரின் கண்ணுக்கு நல்ல காற்றும் காடும் உள்ள கிராமமாகவே தோன்றிற்று. அக்காற்றைக் கருதியே டாக்டர் சௌரி முத்து 1928ஆம் ஆண்டு க்ஷயரோகிகளுக்கான ஆரோக்கிய விடுதியை இங்கே நிறுவினார். அடுத்த நிறுத்தம் இன்றும் சானடோரியம் என்று வழங்குவது அதன் பொருட்டே. 1937ஆம் ஆண்டு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, நகரின் நெருக்கடியை விட்டுச் சேலையூர்க் காட்டுப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. விமானப்படைத் தளம், 1980களில் தோன்றிய ஏற்றுமதி மண்டலம், தேசிய சித்த மருத்துவ நிறுவனம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர, கிராமம் நகராட்சியாகி, 2021ஆம் ஆண்டு ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒருங்கிணைந்த மாநகராட்சியாயிற்று. இவ்வளர்ச்சிக்கெல்லாம் கொழுகொம்பாக நின்றது இந்த இரயில் மார்க்கமே.

படப்பை மார்க்கம்

காஞ்சிபுரம் மாவட்டம் குன்றத்தூர் வட்டத்தில் உள்ள படப்பைக்கு இரயில் நிலையம் இல்லை. அவ்வூராரும் சுற்றுக் கிராமத்தாரும் மாம்பலத்துக்கோ எழும்பூருக்கோ பாரிமுனைக்கோ போக வேண்டுமாயின், பேருந்திலோ ஷேர் ஆட்டோவிலோ முடிச்சூர் வழியாகத் தாம்பரம் வந்து, யூனிட் வண்டி என்று வழங்கும் புறநகர் மின்சார வண்டியில் ஏறுவதே நெடுங்கால வழக்கம். வண்டலூரிலும் இரயில் நிற்குமாயினும், கடற்கரையிலிருந்து வரும் யூனிட் வண்டிகளிற் பல தாம்பரத்தோடு நின்று திரும்பிவிடுவதால், காத்திருக்கும் நேரத்தை எண்ணிப் பெரும்பாலோர் தாம்பரத்தையே நாடுகின்றனர். புறப்படும் இடமாதலால் உட்கார இடம் கிடைக்கும் என்னும் நம்பிக்கையும் அதற்கு ஒரு காரணமாகும்.

முற்காலத்தில் இப்பிரயாணம் ஒரு திசையதாகவே இருந்தது: காலையில் கிராமங்களிலிருந்து நகருக்கு, மாலையில் நகரிலிருந்து கிராமங்களுக்கு. ஒரகடத்தில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்து, 2010ஆம் ஆண்டு ரெனால்ட் – நிஸான் மோட்டார்த் தொழிற்சாலை தொடங்கப்பட்டு, அதனைப் பின்பற்றி வேறு பல ஆலைகளும் வந்த பின்பு, எதிர்த்திசைப் போக்கும் பெருகிற்று. நகரிலிருந்து மின்சார வண்டியில் வந்திறங்கும் தொழிலாளரும், நகருக்குச் செல்லப் படப்பையிலிருந்து வந்திறங்கும் மாணவரும் உத்தியோகஸ்தரும் ஒரே வேளையில் ஒரே நடைமேம்பாலத்தின்மேல் எதிரெதிராக நடப்பது, காலை நேரத் தாம்பரத்தின் நித்திய இயல்பாகிவிட்டது.

மூன்றாம் முனையம்

சென்ட்ரல், எழும்பூர் என்னும் இரு முனையங்களும் நெருக்கடி மிகுந்தமையால், தாம்பரம் 2018ஆம் ஆண்டு முதல் சென்னையின் மூன்றாம் முனையமாக வளர்க்கப்பட்டு வருகிறது. திருநெல்வேலி, நாகர்கோவில், செங்கோட்டை முதலிய தென்கோடி ஊர்களுக்குச் செல்லும் வண்டிகள் சில இங்கிருந்தே புறப்படுகின்றன. ஹைதராபாத்திலிருந்து வரும் சார்மினார் எக்ஸ்பிரஸும் இங்கேயே முடிவடைகிறது. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டபோது, அதனோடு தொடங்கப்பட்ட புதிய இராமேசுவரம் வண்டியும் தாம்பரத்தையே தன் மறுமுனையாகக் கொண்டது. அதே மாதம் கடற்கரை – தாம்பரம் – செங்கற்பட்டு மார்க்கத்தில் குளிர்சாதன மின்சார வண்டியும் அறிமுகமாயிற்று.

இந்நிலையத்தைப் புறநகர்வாசிகள் எவ்வளவு சார்ந்திருக்கின்றனர் என்பதை 2024ஆம் ஆண்டின் கோடை கழிந்த மாதங்கள் வெளிப்படுத்தின. யார்டு சீரமைப்பின் நிமித்தம் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மின்சார வண்டிகள் வடக்கே பல்லாவரத்தோடும் தெற்கே கூடுவாஞ்சேரியோடும் நிறுத்தப்பட, இடைப்பட்ட தூரத்தைக் கடக்கச் சிறப்புப் பேருந்துகள் விடப்பட்டும், ஜி.எஸ்.டி. சாலை ஜனத்திரளால் திணறிற்று.

பிற தேசத்து முறையும் இங்குள்ள தேவையும்

ஜப்பான் தேசத்துப் பெருநகரங்களில், தாம்பரத்தைப் போல் ஜனங்கள் வண்டி மாறும் நிலையங்கள் மிகுதி. நாள்தோறும் லட்சக்கணக்கானோர் புழங்கும் டோக்கியோவின் ஷிஞ்சுகு நிலையத்தில், வெவ்வேறு கம்பெனிகளின் இருப்புப்பாதைகளும் சுரங்க இரயில்களும் பேருந்துகளும் நடைவழிகளால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுள்ளன. அங்கே தனியார் இரயில் கம்பெனிகள் பாதையை அமைக்கும்போதே குடியிருப்புகளையும் அங்காடிகளையும் சேர்த்தே திட்டமிட்டன. ஓஸாகா நகரின் உமேதா நிலையத்தில் ஹான்கியூ கம்பெனி 1929ஆம் ஆண்டிலேயே பேரங்காடி திறந்தது. தாம்பரத்திலோ நிலையம் ஒரு துறையின் பொறுப்பு, பேருந்து மற்றொன்றின் பொறுப்பு, சாலை வேறொன்றின் பொறுப்பு என்றிருப்பதால், இவற்றின் இணைப்பு பிரயாணியின் கால்வலிமைக்கு விடப்பட்டிருக்கிறது. மேற்குப் பேருந்து நிறுத்தத்துக்கும் கிழக்குத் தாம்பரத்துக்கும் இடையே நடைமேம்பாலம் இருந்தும், படியேற இயலாமையாலும் அவசரத்தாலும் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கத் துணிவோர் இன்னும் உளர்.

2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டமையும், விமான நிலையத்திலிருந்து தாம்பரம் வழியாகக் கிளாம்பாக்கம்வரை மெட்ரோ இரயிலை நீட்டிக்கும் திட்டமும், இந்நிலையத்தின் பொறுப்பை மேலும் கூட்டுவனவேயன்றிக் குறைப்பன அல்ல. நடைமேடைகளும் பாதைகளும் பெருகுவது அவசியமே. எனினும் இருப்புப்பாதை இல்லாத ஊர்களுக்கு இரயிலின் பயனை எடுத்துச் செல்வதே இந்நிலையத்தின் தலையாய தொண்டாதலின், இதனை விரிவாக்க முற்படுவோர், படப்பைப் பேருந்திலிருந்து இறங்கும் முதியவர் ஒருவர் பிறர் துணையின்றியும் மழையில் நனையாமலும் நடைமேடை சேரும் வழியை முதற்கண் அமைத்துத் தருதல் வேண்டும்.