முகாமை ஆள்பவர் யார்? பன்னாட்டு உறவுகள் படிப்பும் நிவாரணப் பணியும்

பன்னாட்டு உறவுகள் படித்தவர் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தால் அவர் கையில் என்ன இருக்கும்? பல்கலைக்கழகங்களின் சேர்க்கைக் கையேடுகள் தரும் விடை தெரிந்ததே: உலகப் பார்வை, பண்பாட்டுப் புரிதல், பேச்சுத் திறன். இவற்றை எந்தத் துறைப் பட்டதாரியிடமும் எதிர்பார்க்கலாம். களத்தில் குழாய் பதிக்கப் பொறியாளரும், கிடங்கைப் பார்த்துக்கொள்ளக் கணக்குத் தெரிந்தவரும் வேண்டும். அரசியல் படித்தவர் எதற்கு? நாம் தரும் நிவாரணம் யாருடைய அதிகாரத்துக்குத் தீனி போடுகிறது என்று கண்டறிவதற்கு என்பது என் வாதம்.

1994 ஜூலை. டுட்ஸிகளைக் குறிவைத்த ருவாண்டா இனப்படுகொலை ஓய்ந்து, அதை நடத்திய ஹூட்டு அரசு தோற்ற வேளையில், சில நாட்களுக்குள் பல லட்சம் ஹூட்டுக்கள் எல்லை தாண்டி அன்றைய ஸயீரின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) கோமாவுக்கு வந்து சேர்ந்தனர். எரிமலைப் பாறைத் தரையில் கழிப்பறைக் குழியும் தோண்ட முடியவில்லை, புதைகுழியும் தோண்ட முடியவில்லை. காலரா பல்லாயிரம் பேரைக் கொண்டுபோயிற்று. அந்த வாரங்களில் தேவைப்பட்டவை தண்ணீர் லாரியும் உப்புக்கரைசலும்தான். பட்டப்படிப்புக்கு அங்கே வேலையில்லை.

நோய் தணிந்தபின் முகாமின் உள்ளமைப்பு தெரியவந்தது. மக்கள் தங்கள் பழைய கம்யூன் (ருவாண்டாவின் உள்ளாட்சிப் பிரிவு) வாரியாகவே குடியேறியிருந்தனர். யாருக்கு எவ்வளவு உணவு என்ற பட்டியல் கம்யூன் தலைவர்களின் கையில் இருந்தது. அவர்களில் பலர் சில மாதங்களுக்கு முன் கொலைகளை முன்நின்று நடத்தியவர்கள். தலைக்கணக்கைக் கூட்டிச் சொன்னார்கள். மிஞ்சிய தானியம் சந்தைக்கும் ஆயுதக் குழுக்களுக்கும் போனது. ஊர் திரும்ப விரும்பியவர்கள் மிரட்டப்பட்டனர், சிலர் கொல்லப்பட்டனர். பட்டியலை வாங்கி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்த நிவாரணப் பணியாளர், தம்மை அறியாமலே தோற்றுப்போன அந்த அரசுக்கு வருவாய்த்துறையாக இருந்தார்.

இதை இனங்காணும் கருவிகள் துறையின் பாடத்திலேயே உண்டு. 1951 அகதிகள் உடன்படிக்கை, போர்க்குற்றம் புரிந்ததாகக் கருதத் தக்க காரணமுள்ளவர்களை அகதிநிலையிலிருந்து விலக்குகிறது. 1969ஆம் ஆண்டின் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு உடன்படிக்கை, அகதிகளை எல்லையிலிருந்து இயன்றவரை தக்க தொலைவில் குடியமர்த்தச் சொல்கிறது. கோமா நகரமோ எல்லைக்கோட்டை ஒட்டியே இருக்கிறது. இவ்விரண்டையும் அறிந்தவர் முகாமின் வரைபடத்தைப் பார்த்ததுமே நெற்றியைச் சுருக்கியிருப்பார்.

ஆனால் என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்றும் கோமாவில்தான் உள்ளது. அப்போது ஐ.நா. அகதிகள் உயர் ஆணையராக இருந்த சடாக்கோ ஒகாட்டா, கலிபோர்னியாவின் பெர்க்லியில் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். டோக்கியோவில் பன்னாட்டு உறவுகள் கற்பித்த பேராசிரியர். இத்துறையின் அறிவு இதைவிடத் தெளிவாக ஒருவரிடம் குடிகொண்டிருக்க முடியாது. ஆயுதம் தாங்கியவர்களைப் பிரித்தெடுக்கப் படை வேண்டும் என்று கேட்கப்பட்டது, நாடுகள் முன்வரவில்லை. கடைசியில் 1995இல் ஸயீர் வீரர்களுக்கே படி கொடுத்து முகாம்களில் காவல் நிறுத்த வேண்டியதாயிற்று. மனிதாபிமான உதவி அரசியல் நடவடிக்கைக்கு மாற்றாகாது என்று 1996இல் வெளிவந்த பன்னாட்டுக் கூட்டு மதிப்பீடு எழுதியது. அந்த முடிவு வருமுன்பே ஒகாட்டாவுக்கு அது தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆக, படிப்பு கண்டறியும் திறனைத் தருகிறது, தீர்க்கும் பலத்தை அல்ல. இன்னொரு குறையும் உண்டு. 1919இல் வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில் முதல் பேராசிரியர் இருக்கை அமைந்த நாள்முதல் இத்துறை அரசுகளையே நோக்கிப் பழகியது. கம்யூன் தலைவர், லாரி உரிமையாளர், சோதனைச் சாவடிக்காரர் ஆகியோர் அதன் கண்ணில் எளிதில் படுவதில்லை. உதவி பெறுவோர் நிவாரண நிறுவனங்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைத் தெற்கு சூடானில் உகாண்டா அகதிகளிடையே தங்கி ஆராய்ந்த பார்பரா ஹாரல்-பாண்ட் ஒரு மானிடவியலாளர். 1982இல் ஆக்ஸ்ஃபோர்டில் அகதிகள் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியவரும் அவரே. வெளிநாட்டுப் பணிக்கு மாணவரை ஆயத்தப்படுத்தும் பாடத்திட்டத்தில் அவருடைய கள ஆய்வுமுறைக்கு, வல்லரசுச் சமநிலைக்குக் கொடுக்கும் அளவு இடமாவது தர வேண்டும்.

இத்தனையும் கண்டறிந்த பிறகும், தங்குவதா வெளியேறுவதா என்ற கேள்விக்கு விடை ஒன்றாக இராது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு 1994 நவம்பரில் முகாம்களிலிருந்து வெளியேறியது. அதே அமைப்பின் பெல்ஜியப் பிரிவும் டச்சுப் பிரிவும், நோயாளிகளை விட்டுப் போவது சரியில்லை என்று 1995 வரை தங்கின. இரு தரப்பும் பார்த்தது ஒரே முகாமை, ஒரே பட்டியலை.