மதராஸில் இறக்கிவிடப்பட்ட கப்பல்காரர்

கல்லூரியை விட்டுப் போகிறவர்களுக்கு டி.சி.யோடு ஒரு நன்னடத்தைச் சான்றிதழும் கொடுப்பார்கள். 'குட்' என்று போட்டிருக்கும். அதற்குமேல் யாரும் படித்துப் பார்ப்பதில்லை. சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டின் கப்பல்காரர்களுக்கு இந்தச் சமாசாரம் அத்தனை லேசாக இருக்கவில்லை. பயணம் முடிந்து இறங்கும்போது கேப்டன் ஒரு சீட்டு எழுதித் தருவார். அதில் திறமைக்கு ஓர் இடம், நடத்தைக்கு ஓர் இடம். அடுத்த கப்பலில் வேலை கிடைப்பதும் கிடைக்காததும் அந்த இரண்டு இடங்களில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

1884 ஏப்ரலில் மதராஸில் 'ரிவர்ஸ்டேல்' என்ற பாய்மரக் கப்பலிலிருந்து இறங்கிய 26 வயது இரண்டாம் மேட் ஒருவரின் சீட்டில், திறமை 'மிக நன்று' என்று இருந்தது. நடத்தையைப் பற்றிச் சொல்ல கேப்டன் மறுத்துவிட்டார். நடந்தது இதுதான். உடம்பு சரியில்லாத கேப்டனுக்கு டாக்டரை அழைத்துவர இந்த இளைஞரைக் கரைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவர் டாக்டரிடம், மனுஷனுக்கு நோய் ஒன்றுமில்லை, எல்லாம் குடிதான் என்று சொல்லிவைக்க, அது கேப்டன் காதுக்குப் போய்விட்டது. அப்புறம் கேட்கவேண்டுமா? அதே மாதத்தில் அந்தக் கப்பல் மசூலிப்பட்டினம் பக்கம் தரைதட்டியது. விசாரணையில் தவறு கேப்டனுடையது என்று ஆயிற்று. ஆனால் இளைஞர் அதற்குள் ரயிலேறி பம்பாய் போய் 'நார்சிஸஸ்' என்ற வேறொரு கப்பலில் சேர்ந்துவிட்டிருந்தார்.

எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்த நம் ஆட்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பார்கள். அந்த மேட்தான் பிற்பாடு ஜோசப் கான்ராட். 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' என்றாலே தேர்வு அறையும் விசிறிச் சத்தமும்தான் பலருக்கு ஞாபகம் வரும். நான் இங்கே சொல்ல வந்தது அவருடைய இலக்கியத்தைப் பற்றி அல்ல. நாடில்லாத ஓர் அநாதைப் பையன் எந்தெந்தக் கதவையெல்லாம் தட்டி, எதுவும் முழுசாகத் திறக்காமல், கடைசியில் எழுத்தாளன் ஆனான் என்பதைப் பற்றி.

சொந்தப் பெயர் யூசெஃப் தியோடோர் கொன்ராட் கொஷெனியோவ்ஸ்கி. 1857 டிசம்பர் 3இல் பெர்டிச்சிவ் என்ற ஊரில் பிறந்தார். ஊர் இன்று உக்ரைனில் இருக்கிறது. அன்று ரஷ்யப் பேரரசில் இருந்தது. குடும்பம் போலந்துக் குடும்பம். போலந்து என்ற நாடு அப்போது வரைபடத்திலேயே கிடையாது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. அப்பா அப்பல்லோ கவிஞர், மொழிபெயர்ப்பாளர், போலந்து விடுதலைக்காரர். 1861இல் கைது, 1862இல் வடக்கே வோலக்டாவுக்கு நாடுகடத்தல். நாலு வயதுப் பிள்ளையும் கூடவே போனது. 1865இல் அம்மா காசநோயில் போனார். 1869இல் அப்பாவும். கிராகவ் நகரில் அந்தச் சவ ஊர்வலத்துக்கு முன்னால் நடந்து போன பையனுக்கு வயது பதினொன்று.

தாய்மாமன் தடேயுஷ் பொப்ரோவ்ஸ்கி பையனைக் கவனித்துக்கொண்டார். தாய்மாமன் என்றால் நமக்கு விளக்கம் தேவையில்லை. கணக்கு எழுதி, கண்டித்து, திட்டித் திட்டியே பணம் அனுப்பிய மாமன் அவர். நாடுகடத்தப்பட்டவன் மகன், ரஷ்யப் பிரஜை. அங்கேயே இருந்தால் கட்டாய ராணுவ சேவையில் பல ஆண்டுகள் தொலையும். அதனால் 1874இல், பதினாறு வயதில், கடல் வேலை கற்க பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்கு ரயிலேறினான் பையன்.

அங்கே மூன்று வருடம் ஓடியது. பிறகு, ரஷ்யப் பிரஜைக்கு ரஷ்யத் தூதரக அனுமதி இல்லாமல் பிரெஞ்சுக் கப்பலில் இடமில்லை என்றார்கள். கையிலிருந்த பணம் போயிற்று. மீட்கப்போய்ச் சூதாட்டத்தில் மிச்சமும் போயிற்று. 1878இன் தொடக்கத்தில் துப்பாக்கியால் நெஞ்சில் சுட்டுக்கொண்டான். குண்டு இருதயத்தைத் தொடாமல் போனது அதிர்ஷ்டம். மாமன் ஓடிவந்து கடனை அடைத்தார். வெளியே யாரோடோ நடந்த துப்பாக்கிச் சண்டை என்று கதை கட்டிவிட்டார்கள். அதே ஆண்டு ஜூனில், பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் ஒன்றில், லோவெஸ்டாஃப்ட் துறைமுகத்தில் இங்கிலாந்து மண்ணை மிதித்தார். வயது இருபது. தெரிந்த இங்கிலீஷ் விரல்விட்டு எண்ணக்கூடிய வார்த்தைகள்.

இனி, அரியர்ஸ் வைத்திருக்கும் மாணவர்களுக்காக ஒன்று. இரண்டாம் மேட் தேர்வில் 1880இல் தேறினார். முதல் மேட் தேர்வில் 1884 நவம்பரில் ஃபெயில். அடுத்த மாதம் பாஸ். கேப்டன் தேர்விலும் 1886 ஜூலையில் ஃபெயில், நவம்பரில் பாஸ். பிற்காலத்தில் நினைவுக் குறிப்பு எழுதியபோது இந்த இரண்டு தோல்விகளையும் மனுஷர் மூச்சு விடவில்லை! எல்லாம் ஒரே முயற்சியில் முடிந்ததுபோல அழகாக எழுதிவிட்டார். 1886 ஆகஸ்டில் பிரிட்டிஷ் குடியுரிமையும் கிடைத்தது.

கேப்டன் சர்டிபிகேட் கையில் வந்தாயிற்று, கப்பல்தான் இல்லை. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் கிழக்கு வியாபாரம் நீராவிக் கப்பல்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. பாய்மரக் கப்பல்கள் குறைந்தன. ஒவ்வொரு பதவிக்கும் பட்டம் வாங்கியவர்கள் வரிசையில் நின்றார்கள். கேப்டனாக அவர் பார்த்த ஒரே கடல் வேலை 'ஒட்டாகோ' கப்பலில், 1888-89இல். அதற்கு முன்னும் பின்னும் மேட் வேலைதான். சுமார் இருபது ஆண்டுக் கடல் வாழ்க்கையில் கப்பல்களில் வேலை பார்த்தது பத்தரை ஆண்டுக்குச் சற்றுக் கூடுதல். மிச்சமெல்லாம் கரையில் வேலை தேடி அலைந்த காலம்.

எழுத்து அந்தச் சும்மா கிடந்த நாட்களில்தான் தொடங்கியது. 1889இல் லண்டனில் ஒரு வாடகை அறையில், வேலைக்குக் காத்திருந்தபோது, போர்னியோ ஆற்றங்கரையில் பார்த்த டச்சு வியாபாரி ஒருவரை மனதில் வைத்து 'ஆல்மேயர்ஸ் ஃபாலி' நாவலை ஆரம்பித்தார். எழுதி முடிக்க ஐந்து ஆண்டு. அந்தக் கையெழுத்துப் பிரதி 1890இல் அவரோடு காங்கோ ஆற்றுக்குப் போனது. பெல்ஜிய மன்னன் லியோபோல்டின் ஆட்கள் அங்கே செய்ததைப் பார்த்து, காய்ச்சலோடு திரும்பியவரோடு அதுவும் திரும்பி வந்தது. பெர்லின் ரயில் நிலையத்தில் ஒருமுறை தொலையப் பார்த்தது. 1894 ஜனவரியில் கடைசிக் கப்பலிலிருந்து இறங்கினார். பிரெஞ்சுக் குடியேறிகளைக் கனடாவுக்கு ஏற்றிச் செல்வதாகச் சொல்லி, பிரான்சின் ரூவாங் துறைமுகத்தைத் தாண்டாமலே நின்றுபோன கப்பல் அது. அடுத்த மாதம் மாமன் இறந்தார். 1895இல் நாவல் வெளிவந்தபோது மாமனின் பெயரெழுத்துகளுக்குத்தான் காணிக்கை. உரிமைக்குக் கிடைத்தது 20 பவுண்டு.

சுதந்திர எழுத்தாளர் என்று நாம் சொல்வது இதற்குப் பிறகுள்ள வாழ்க்கையை. அந்தச் சுதந்திரத்தின் லட்சணத்தையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். 1896இல் கல்யாணம். மாமன் விட்டுப்போன பணத்தைத் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் போட்டு அதே ஆண்டு இழந்தார். 1898இல், மூன்று நாவல்கள் அச்சேறிய பிறகும், கப்பல் கிடைக்குமா என்று கிளாஸ்கோ வரை போய்க் கேட்டுவிட்டுத் திரும்பினார். மறுபடியும் அந்த வரிசை! பிங்கர் என்ற ஏஜெண்ட் 1900 முதல் முன்பணம் கொடுத்துக் குடும்பத்தை ஓட்டினார். பத்து வருடத்தில் கடன் இரண்டாயிரம் பவுண்டுக்கு மேல் ஏறிவிட்டது. 1910 ஜனவரியில் இருவருக்கும் வாக்குவாதம். நீ பேசுவது இங்கிலீஷே இல்லை என்கிற மாதிரி பிங்கர் ஏதோ சொல்லிவிட, கான்ராட் நொறுங்கிப் படுக்கையில் விழுந்தார். 'லார்ட் ஜிம்', 'நாஸ்ட்ரோமோ' எழுதிய கை அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். கேப்டன் நடத்தைச் சீட்டில் எழுத மறுத்ததைவிட இது பெரிய அடி என்றே எனக்குப் படுகிறது. காசு வந்தது 'சான்ஸ்' நாவலோடு, 1914இல். அப்போது வயது 56.

அதைவிட வலித்த அடி சொந்த ஊரிலிருந்து வந்தது. 1899இல் எலிசா ஒஷெஷ்கோவா என்ற புகழ்பெற்ற போலந்து நாவலாசிரியை, திறமைசாலிகள் நாட்டை விட்டுப் போவதைப் பற்றிய விவாதத்தில் கான்ராட்டைப் பெயர் சொல்லியே தாக்கினார். நாடு அடிமையாகக் கிடக்கும்போது பெற்ற திறமையை இங்கிலீஷில் எழுதி விற்கிறார் என்பது குற்றச்சாட்டு. நம்மிலும் வெளிநாடு போனவர்கள் லீவில் வரும்போது இதே கேள்வியை டீக்கடையிலாவது கேட்டிருப்பார்கள். அந்த அம்மையாரின் கோபத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அடிமை நாட்டில் எழுத்தாளன் வெறும் எழுத்தாளன் அல்ல. ஆனால் இந்த ஆள் சம்பளத்துக்காகப் போனவரா? அப்பாவின் போராட்டம் அவரிடம் விட்டுப்போனது இரண்டு சமாதிகளும் ஒரு ரஷ்யப் பிரஜைப் பத்திரமும். 1901இல் இன்னொரு போலந்துக்காரருக்கு எழுதிய கடிதத்தில், தாய்நாட்டையும் குடும்பப் பெயரையும் தான் விட்டுவிடவில்லை, அந்நிய வாய்களில் சிதையக்கூடாதென்றே புத்தக அட்டையில் குடும்பப் பெயரைப் போடவில்லை என்று விளக்கம் சொன்னார்.

எல்லாவற்றிலும் அவரை நியாயப்படுத்தவும் வேண்டியதில்லை. காங்கோவில் ஐரோப்பியர் செய்த கொள்ளையை அம்பலப்படுத்திய அதே கதையில் ஆப்பிரிக்கர்கள் மனிதர்களாகவே வரவில்லை என்று 1975இல் சினுவா அச்சிபி ஓர் உரையில் போட்டு உடைத்தார். இன்றைய மாணவர்கள் இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும். நாங்கள் படித்த காலத்தில் வகுப்பில் யாரும் அதைச் சொல்லித்தரவில்லை.

1924இல் பிரிட்டிஷ் அரசு 'சர்' பட்டம் கொடுக்க முன்வந்தது. மறுத்துவிட்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் தேதி கென்ட் மாவட்டத்தில் தம் வீட்டில் இறந்தார். கடைசிவரை அவர் பேசிய இங்கிலீஷில் போலந்து வாடை போகவில்லை. கேன்டர்பரி கல்லறையில் நட்ட கல்லில் குடும்பப் பெயரையும் சேர்த்து முழுப் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள், எழுத்துப் பிழையோடு.